ஒன்றும் பிடிக்காதவர்

அந்தப் பிரிவுக்குப் பெயர் வைப்பதற்குள்ளேயே ஒரு மழைக்காலம் போய்விட்டது. கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையின் நிர்வாகத்துக்கு ஊழியர்களின் நுரையீரல்மீது திடீரென்று பாசம் பொங்கி, 'புகை விடுவோர் நலப் பிரிவு' என்று ஆளுயரப் பலகை எழுதி மாட்டியது. மாட்டிய மறுநாளே கணக்குப் பிரிவுக் குமாஸ்தா ஒருவர், "புகை விடறதுன்னா விட்டுத் தொலைக்கிறதா, இல்லை மூக்கு வழியா விடறதா?" என்று கேட்டுத் தொலைத்தார். சந்தேகம் நியாயமானது என்பதால் நிர்வாகத்துக்குக் கோபம் வந்தது. குழு கூடியது. குழுவின் களைப்பைப் போக்கத் துணைக்குழு கூடியது. பலகையை மாற்றினால் அதை எழுதச் சொன்னவர் தப்புச் செய்தவராகிவிடுவார். எழுதச் சொன்னவர் தலைமை நல அலுவலர். ஆகவே பலகையை அப்படியே வைத்துக்கொண்டு மொழியை மாற்றுவதென்று முடிவாயிற்று. 'இனி இந்த வளாகத்துக்குள் விடுதல் என்றால் விட்டொழித்தல் மட்டுமே. ஊதுகிற காரியத்தைப் பிடித்தல் என்றே சொல்ல வேண்டும். பிடித்தல் என்ற சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது' என்று சுற்றறிக்கை வந்தது. குமாஸ்தா மணல் கொட்டகைக்கு மாற்றப்பட்டார்.

பிரிவுக்கு ஒதுக்கிய அறை, உலையின் புகைபோக்கியை ஒட்டிய மாடியில் இருந்தது. சன்னலைத் திறந்தால் அங்கே உட்காரும் ஆலோசகர் அம்மாவுக்கு இருமல் வரும். அதனால் திறப்பதில்லை.

இந்தச் சுற்றறிக்கையில் வந்து சிக்கிய மனிதரைத் தொழிற்சாலையில் எல்லாரும் 'கீறல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய வேலை ஒளிப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது. பின்னாலிருந்து வெள்ளை வெளிச்சம் அடிக்க, பட்டையில் ஊர்ந்து வரும் புட்டிகளில் கீறலோ குமிழோ கழுத்துக் கோணலோ தெரிந்தால் எடுத்துக் கழிவுத் தொட்டியில் போட வேண்டும். காலமெல்லாம் குறை பார்த்தே குடும்பம் நடத்துகிற மனிதர் என்று மனைவி சொல்வாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அவர் புகையை விட்டதற்கும் பிரிவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மகளுக்கு இளைப்பு. ஒரு மாலை அவர் தோளில் சாய்ந்தவள் சட்டென்று தலையை எடுத்துக்கொண்டு, "அப்பா, உன் சட்டை மூச்சை அடைக்குது" என்றாள். குற்றம் சொல்லவில்லை, மழை வருது என்று சொல்வதுபோல ஒரு தகவல். சட்டைப் பையில் இருந்ததைக் கசக்கி எறிந்தார். அன்றோடு சரி. அதை வீரம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். பிரிவு அதை வீரம் என்றே சொன்னது. ஆனால் பிரிவின் வீரம் என்று சொன்னது.

முதலில் எரிச்சல் வந்தது. இருமல் வந்தது. வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருக்கத் தோன்றியது. இதெல்லாம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தார். விருந்தாளிகள்போல வந்தன, போயின. அதற்குப் பிறகு வந்ததைப் பற்றி யாரும் சொல்லிவைக்கவில்லை. அதைத் துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கத்துக்கு ஒரு காரணமாவது வேண்டும், அழுவதற்கு ஒரு ஆளாவது வேண்டும். இது வேறு. ஒளிப்பலகையின் விளக்கை யாரோ அணைத்துவிட்டால் எப்படி இருக்கும்? புட்டிகள் அதேபோல வந்துகொண்டிருக்கும். எதில் கீறல், எதில் இல்லை என்று தெரியாது. தெரியவில்லையே என்ற கவலையும் வராது. வீட்டுக்கு வந்து ஒரு செருப்பைக் கழற்றியவர், இன்னொன்றைக் கழற்ற வேண்டிய காரணம் கிடைக்காமல் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிட்டார். கூப்பிடாவிட்டால் அதுவும் சரி.

அவருக்கு ஒரே சிநேகிதன் பொட்டலம். புட்டிகளை அட்டையில் அடைத்துக் கட்டும் பகுதியில் வேலை, அதனால் அந்தப் பெயர். இத்தனை வருடமும் மணல் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பேரும் சேர்ந்து ஊதியதில் புகை பாதி, பேச்சு பாதி. இப்போது விட்டவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பிரிவு கயிறு கட்டிவிட்டது. புகையோடு பேச்சும் போயிற்று. ஒரு நாள் பொட்டலமே ஒளிப்பலகைக்கு வந்து, ஒரு புட்டியை அவர் முன்னால் வைத்தான். கழுத்திலிருந்து அடிவரை மின்னல் மாதிரி ஒரு கீறல்.

"அண்ணே, இது உங்களைத் தாண்டி என்கிட்ட வந்திருக்கு. கண்ணு தெரியாதவன்கூட இதைத் தடவிப் பார்த்துச் சொல்லிடுவான்."

"பார்த்தேன்டா."

"பார்த்தீங்களா? அப்புறம்?"

"எடுக்கணும்னு தோணலை."

பொட்டலம் அவர் முகத்தை ஒரு முறை வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தான். "என்னண்ணே ஆச்சு உங்களுக்கு?"

"எதுவுமே பிடிக்கலைடா."

"அதான் ஊருக்கே தெரியுமே, நீங்க இப்பெல்லாம் பிடிக்கிறதில்லைன்னு."

"அது இல்லைடா."

"ஓ," என்றான் பொட்டலம். "அந்தப் பிடிக்கலையா? அது பெரிய பிடிக்கலை ஆச்சே. மாடிக்குப் போய்ச் சொல்லுங்கண்ணே. அதுக்குத்தானே அங்க ஒரு கூட்டத்தை உட்கார வெச்சிருக்கு."

மாடிக்குப் போனார். ஆலோசகர் அம்மா அன்பானவர். பிரிவு அவருக்கு ஒரு கேள்வியும் ஒரு வெண்கல மணியும் கொடுத்திருந்தது. கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் மணியை அடிக்க வேண்டும்.

"பிடிச்சீங்களா?"

"இல்லீங்கம்மா. ஆனா எனக்கு எதுவுமே பிடிக்கலைங்க."

"எதுவுமேவா? பீடி, சுருட்டு?"

"அது இல்லீங்க. சாப்பாடு பிடிக்கலை."

"சாப்பாட்டுக்கு அப்புறம்கூடவா?" ஆலோசகரின் கண்கள் விரிந்தன. "அதுதாங்க எல்லாரும் சறுக்கி விழற இடம்!"

"வேலை பிடிக்கலைங்க."

"வேலை நேரத்துலயும் இல்லை. பேஷ்."

"காலையில எழுந்திருக்கவே பிடிக்கலைங்கம்மா." இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது.

ஆலோசகருக்கும் குரல் உடைந்தது. "காலையில எழுந்ததும்கூட இல்லையா! நான் இந்த நாற்காலியில உட்கார்ந்த நாள்லேருந்து இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லைங்க." அவர் மணியை அடித்தார். சம்பிரதாயத்துக்கு ஒரு முறை அடித்தால் போதும். மனம் தாளாமல் நிறைய அடித்தார்.

கீறல் வாசல்வரை போய்த் திரும்பி வந்து வேறு சொல்லால் முயன்றார். "அம்மா, மனசு ரொம்பச் சோர்வா இருக்குங்க. உள்ள எதுவோ அணைஞ்சுபோன மாதிரி."

ஆலோசகரின் முகம் சுருங்கியது. "சோர்வு எங்களுது இல்லையே. அது எதிர் அறை."

எதிர் அறை மனநிலை மேம்பாட்டுப் பிரிவு. சுவரெல்லாம் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஒட்டியிருந்தன. சில முகங்களில் பசை விட்டுப்போய் வாய் கீழ்நோக்கித் தொங்கியது. அங்கே இருந்த அலுவலர் விரல்களைக் கோத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மனசு சோர்வா இருந்தா ஒரே மருந்துதான். உங்களுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க."

"எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான் சார். அதைத்தான் விட்டுட்டேன்."

அலுவலர் நிமிர்ந்தார். "ஓ, விட்டதாலதான் இது வந்துச்சா? அப்போ இதுக்குக் காரணம் இருக்கு."

"இருக்குங்க."

"காரணம் இருக்கிற சோகத்தை நாங்க எடுக்கிறதில்லை. அதை அந்தந்தக் காரணத்துக்குரிய பிரிவுதான் பார்க்கணும். எங்களுது காரணமில்லாத சோகம் மட்டும்." அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார், மரியாதையில் குறை வைக்கவில்லை. "எதனால வந்துச்சுன்னே உங்களுக்கு மறந்துபோகுது பாருங்க, அப்போ தயங்காம வாங்க. நம்ம கதவு எப்பவும் திறந்திருக்கும்."

கதவு மூடிக்கொண்டது.

மணி அதிகம் அடிக்கப்பட்ட செய்தி தலைமை நல அலுவலரை எட்டியது. அவர் படம் எடுப்பவரோடு ஒளிப்பலகைக்கே வந்துவிட்டார். படமெடுப்பவர் வழக்கம்போல, "கொஞ்சம் சிரிங்கண்ணே" என்றார். கீறலுக்கு முடியவில்லை. "வேண்டாம், வேண்டாம்," என்றார் தலைமை நல அலுவலர், "இந்த முகம்தான் வேணும். என்ன ஒரு உறுதி!"

அடுத்த வாரம் தொழிற்சாலை வாசலில், லாரி உள்ளே வரும் அகலத்துக்கு ஒரு பதாகை தொங்கியது. அதில் கீறலின் முகம், கதவளவுக்கு. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம்கூடத் தட்டு அளவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் சிவப்பு எழுத்தில்: 'எனக்கு எதுவும் பிடிக்கவில்லை!' வியப்புக்குறியை நிர்வாகம் போட்டிருந்தது.

அதற்குப் பிறகு பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். வேறு தொழிற்சாலைகளிலிருந்து நல அலுவலர்கள் கூட்டமாக வந்து ஒளிப்பலகைக்குப் பின்னால் நின்று அவர் பிடிக்காமல் இருப்பதைப் பார்த்தார்கள். "கவனியுங்க," என்று தலைமை நல அலுவலர் தாழ்ந்த குரலில் சொல்வார், "இதோ, இப்பவும் பிடிக்கலை." பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அவர்கள் எல்லாருடைய கண்ணெதிரிலும் கீறல் விழுந்த புட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டையில் போய்க்கொண்டிருந்தன. பொட்டலம் அவற்றை மறுமுனையில் சத்தம் போடாமல் பொறுக்கி எடுத்தான்.

மகளின் பள்ளிக்கூட வண்டி அந்த வாசல் வழியாகத்தான் போகும்.

ஒரு மாலை அவள் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவரின் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, உனக்கு எதுவும் பிடிக்கலைன்னு கேட்டுல எழுதிப் போட்டிருக்காங்களே."

"அது வேற, கண்ணு."

"என்னையுமா?"

'இல்லை' என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். அவர் தனக்குள்ளே அந்தச் சொல்லைத் தேடினார். தெரிந்த வீட்டில் இருட்டில் விளக்குப் பொத்தானைத் தடவுவதுபோலத் தடவினார். இருக்கும் இடத்தில்தான் இருந்தது, ஆனால் கை போய்ச் சேர நேரமாயிற்று. "சீச்சீ, உன்னையா? இல்லைடா" என்று அவர் சொன்னபோது மகள் பையை இறக்க ஆரம்பித்திருந்தாள்.

அடுப்படியில் நின்ற மனைவி அந்த இடைவெளியைக் கேட்டாள். அவளுக்குச் சுற்றறிக்கை எதுவும் வருவதில்லை. அதனால் அந்தச் சொல்லின் பழைய பொருள்கள் எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன. மகள் முகம் கழுவப் போனதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க. மறைக்காம சொல்லுங்க. அது திரும்பவும் வேணும்போல இருக்கா? திட்ட மாட்டேன்."

"அது வேணும்போல இருந்தாக்கூடத் தேவலையே," என்றார். "எதுவுமே வேண்டாம்போல இருக்கு."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். மணி அடிச்சாங்க."

மறுநாள் அவள் மகளுக்கு இளைப்பு பார்க்கும் மருத்துவரிடம் போய்க் கேட்டு வந்தாள். புகையை விட்ட பிறகு சில பேருக்கு இப்படி வருவதுண்டு, பெரும்பாலும் தானாகப் போய்விடும், ஆனால் போகிறவரைக்கும் ஆளைத் தனியாக விடக் கூடாது, எதுவுமே வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு இருந்தால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கே போகலாங்க. கிளம்புங்க."

"இன்னைக்கு எனக்குப் பிரிவு நடத்துற பாராட்டு விழா," என்றார் கீறல். "போகலைன்னா வீட்டுக்கே வந்துடுவாங்க."

"அப்போ நானும் வரேன். விழா முடியறதுக்கும் வண்டி எடுக்கறதுக்கும் நடுவுல ஒரு மூச்சு விடற நேரம்கூட இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

விழா உணவுக்கூடத்தில் நடந்தது. மேசைகளை ஓரமாகத் தள்ளி, பலகைகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். ஊழியர்கள் எல்லாரும் கட்டாயமாக மகிழ்ச்சியோடு வந்திருந்தார்கள். தலைமை நல அலுவலர் ஒலிவாங்கியை இரண்டு முறை தட்டிவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, நான் என் வாழ்க்கையில ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை. அதனாலதான் அதை விடறது எவ்வளவு சுலபம்னு எனக்குத் தெரியும். சில பேர் கேக்கறாங்க, விட்டவங்க சந்தோஷமா இருக்காங்களான்னு. இது என்ன கேள்வி? இதுவரைக்கும் ஒருத்தர்கூட எங்க பிரிவுல புகார் கொடுத்ததில்லை. புகார் கொடுக்க நாங்க வழியே வைக்கலை, அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு! நாங்க ஆரம்பிச்சப்போ இந்தத் தொழிற்சாலையில ஆளுக்கு ஆள் ஏதாவது ஒண்ணு பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. இன்னைக்குப் பாருங்க. இதோ உட்கார்ந்திருக்கிறார் ஒருத்தர், எதுவுமே பிடிக்காதவர். ஒவ்வொரு ஊழியரையும் இவர் மாதிரி ஆக்கிக் காட்டுற வரைக்கும் நான் ஓய மாட்டேன்."

கைதட்டல் அடங்கியதும் பரிசு கொடுத்தார்கள். கனமான கண்ணாடிக் கிண்ணம். விளிம்பில் சிகரெட்டைச் சாய்த்துவைக்க நான்கு பள்ளங்கள் இருந்தன. முன்னொரு காலத்தில் தொழிற்சாலை சாம்பல் கிண்ணம் செய்து விற்காமல் போன சரக்கு. "மிட்டாய் போட்டு வெச்சுக்கலாம்," என்றார் ஆலோசகர் அம்மா காதோடு. கீறல் பழக்கத்தில் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு குமிழ். அவரே எப்போதோ கழித்துப் போட்டது.

"ரெண்டு வார்த்தை பேசுங்க," என்று ஒலிவாங்கியை மறு கையில் திணித்தார்கள்.

"எனக்கு எதுவும் பிடிக்கலைங்க," என்றார்.

கூடம் அதிர்ந்தது.

"நான் சொல்றது அது இல்லீங்க. எனக்கு இந்த விழா பிடிக்கலை. இந்தப் பிரிவைப் பிடிக்கலை."

"விழா நாள்லகூடப் பிடிக்கலையாம்!" என்றார் தலைமை நல அலுவலர், கூட்டத்தைப் பார்த்து. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

கீறல் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை முகங்களும் வெளிச்சத்தில் இருந்தன. ஒரு முகத்திலும் அவர் சொன்னது போய் விழுந்த அடையாளம் இல்லை. இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதை வீட்டில்கூட அவர் இந்தச் சொற்களில் சொன்னதில்லை.

"எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கலைங்க."

ஒரு நொடி கூடம் தடுமாறியது. அந்த நொடிக்குள் யாராவது எழுந்திருக்கலாம். தலைமை நல அலுவலர்தான் எழுந்தார்.

"உயிரோட இருக்கிறவரைக்கும் பிடிக்க மாட்டாராம்!"

அந்தத் தொழிற்சாலையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கைதட்டல் கேட்டதில்லை. ஆலோசகர் அம்மா மாடியிலிருந்து கொண்டுவந்திருந்த மணியை இரண்டு கைகளாலும் அடித்தார். பொட்டலம் மட்டும் தட்டுவதற்குத் தூக்கிய கைகளைப் பிரித்தபடியே வைத்திருந்தான். பிறகு பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தவனின் கைகளை இறக்கிவிட்டான்.

மனைவி மேடைப் படியில் ஏறினாள். அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் குறுக்கே வந்தார். "அம்மா, குடும்பத்தாருக்கு மேடையில இடமில்லை."

"இடம் யாருக்கு வேணும்? வழி விடுங்க."

அவள் அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். "வாங்க, போலாம். கையைப் பிடிங்க."

கீறலின் ஒரு கையில் கிண்ணம், மறு கையில் ஒலிவாங்கி. கை காலியில்லை. நெடுநாள் ஒளிபெறாமல் கிடந்த மனம் மெதுவாகவே யோசித்தது. பிறகு கிண்ணத்தை விட்டார். அது உடையவில்லை, தடித்த சரக்கு. பலகைமீது உருண்டு போய்த் தலைமை நல அலுவலரின் காலடியில் நின்றது. கீறல் மனைவியின் கையைப் பிடித்தார். மறு கையிலிருந்த ஒலிவாங்கி இன்னும் திறந்தே இருந்ததால், அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது: "கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. விட்டுடாதீங்க."

வாசலில் பொட்டலம் வண்டியோடு நின்றான்.

மருத்துவர் முதலில் தூக்கம் வருகிறதா என்று கேட்டார். அப்புறம், உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று மேடையில் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னதும் அவர் மணி எதையும் அடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டார். மாத்திரை கொடுத்தார், அடிக்கடி வரச் சொன்னார், தினமும் யாரோடாவது நடக்கச் சொன்னார். ஒரே நாளில் விடியாது என்பதையும் சொன்னார். விடியவில்லைதான். பொட்டலம் தினமும் மாலையில் வந்து அவரைத் தெரு முனைவரை நடத்திக்கொண்டு போனான். சட்டையை மாற்றிக்கொண்டுதான் வந்தான்.

அடுத்த வாரம் ஆலோசகர் அம்மா வீட்டுக்கே வந்தார். கேள்வி அதேதான்.

"பிடிச்சாரா?"

"பிடிச்சார்," என்றாள் மனைவி. "அன்னைக்கு மேடையிலேருந்து பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கார். நான்தான் பிடிக்கச் சொன்னேன்."

ஆலோசகர் அம்மா படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டவர். மேடையில், எல்லார் கண்ணெதிரிலும், குடும்பத்தாரின் தூண்டுதலால் பிடித்தவர் என்று பிரிவு அறிவித்தது. கிண்ணம் ஏற்கெனவே அவர்கள் வசமே இருந்ததால் திரும்பப் பெறும் வேலை மிச்சம். பதாகையை இறக்க உத்தரவானது.

கீறல் வேலைக்குத் திரும்பிய காலையில் அதைத்தான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மகளைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட அவளோடு வந்திருந்தார். ஏணிமேல் இருந்தவன் ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டான். கதவளவு முகம் பாதி மடங்கித் தொங்கியது. ஒரு கண்ணும் பாதி வாயும் மட்டும் தெரிந்தன.

"அண்ணே, அப்படியே நிக்கறீங்களே, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க," என்றான் மேலிருந்தவன், முகத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்க்காமல்.

அவர் பிடித்தார். இன்னொரு முனையை மகள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, இழுத்துப் பிடி. என் பக்கம் தொங்குது." துணி இரவு மழையில் நனைந்து கனத்தது. கையில் அந்தக் கனம் தெரிந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்று சொல்லவும் அன்று வாய் வரவில்லை.